விலைப்பலகையில் எழுதப்படாதவர்கள்

வெளியூர்க்காரர் ஒருவர் திண்டுக்கல்லில் இறங்கினாலும் ஆம்பூரில் இறங்கினாலும் விருதுநகரில் இறங்கினாலும் ஆட்டோக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இங்கே சாப்பாடு எங்கே நல்லா இருக்கும்?" என்பதுதான். ஆட்டோக்காரர் யோசிக்காமல் ஒரு கடையைச் சொல்வார். அந்தக் கடைக்குப் பெரும்பாலும் விளம்பரம் இருக்காது. பெயர்ப்பலகைகூட வெயிலில் வெளுத்துப்போயிருக்கும். ஆனால், இரண்டு மூன்று தலைமுறையாக அந்த ஊர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும். கல்லாவில் அப்பா இருந்த இடத்தில் இன்று மகன் இருப்பார். சாம்பார் வாளியோடு வருகிற சப்ளையருக்கு, எந்த மேசைக்காரர் இரண்டாவது முறை ரசம் கேட்பார் என்பது தெரிந்திருக்கும்.

இப்படிப்பட்ட கடைகளுக்கு இப்போது நல்ல காலம் பிறந்திருப்பதுபோல் ஒரு தோற்றம் இருக்கிறது. கையில் கேமராவோடு இளைஞர்கள் தேடி வருகிறார்கள். காணொளி வெளியான அடுத்த வாரமே வாசலில் கார்கள் நிற்கின்றன. அந்தக் காணொளிகளில் தவறாமல் வருகிற பாராட்டு இரண்டு: ஒன்று, கைப்பக்குவம், இன்னொன்று, "இந்த விலைக்கு இப்படி ஒரு சாப்பாடா!" என்ற வியப்பு. கைப்பக்குவத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்த விலை எப்படிக் கட்டுப்படியாகிறது, சாப்பிடுகிறவர் கொடுக்காத மீதியை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. சிற்றூர் உணவகம் நிலைக்குமா, அழியுமா என்பது அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது.

அரசியல் சட்டத்தில் ஓர் உணவகம்

காசு கொடுத்துச் சோறு வாங்கிச் சாப்பிடுவதையே இழிவாக நினைத்த சமூகம் நம்முடையது. யாத்திரை போகிறவர்களுக்குச் சத்திரங்கள் இருந்தன. அங்கும் சாதி பார்த்தே பந்தி போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயிலும் அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும் மனிதர்களை ஊர்விட்டு ஊர் நகர்த்தியபோது, காபி கிளப்புகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெருகின. அவற்றின் வாசலிலும் 'பிராமணாள்' என்ற பலகை தொங்கியது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பாகப் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. தொண்டர்கள் தினமும் கைதானார்கள். ஒரு பெயர்ப்பலகைக்காக இவ்வளவு பெரிய போராட்டமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை ஒரு பலகை தீர்மானிக்கக் கூடாது என்பதே அந்தப் போராட்டத்தின் பொருள்.

நமது அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்திருந்தது. சாதி, மதம், பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றுக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்று 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம், அடிப்படை உரிமைகளின் வரிசையில் உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அந்த மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன் பிறகும் டீக்கடைகளில் இரட்டைக் குவளை தொடர்ந்தது. அதை எதிர்த்த போராட்டங்களும் தொடர்ந்தன. சில கிராமங்களில் அந்த வேலை இன்னும் முடியவில்லை.

ஆகவே, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற ஒரு சாதாரண ஓட்டலில், சந்தைக்கு மூட்டை கொண்டுவந்தவரும் வருவாய் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தவரும் கல்லூரி மாணவியும் ஒரே நீள மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே வாளியிலிருந்து சாம்பார் வாங்கிச் சாப்பிடுவது தானாக வந்ததல்ல. பலர் அடிபட்டும் சிறைப்பட்டும் வாங்கிக் கொடுத்த இடம் அது. இன்றைக்கும் பல சிற்றூர்களில் சாதி கேட்காமல் மனிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உண்ணும் இடம் அந்த ஓட்டல்தான். கோயில் திருவிழாவிலும் கல்யாணப் பந்தியிலும் அமையாத ஒன்று அங்கே மத்தியானம் இரண்டு மணிக்கு இயல்பாக நடக்கிறது. அதனால்தான் அந்தக் கடை மூடப்படுவதை ஒரு வியாபாரியின் நட்டம் என்று மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

ஊர் சமைத்த சுவை

பெரியாரின் மறியல் நடந்த அதே 1957இல்தான் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்' என்ற கடையைத் தொடங்கினார். அவர் தலையில் எப்போதும் கட்டியிருந்த தலைப்பாகையை வைத்து ஊர் கடைக்கு வேறொரு பெயர் சூட்டியது. அந்தப் பெயரே இன்று பல நகரங்களில் பலகையாகத் தொங்குகிறது. அதன் உரிமைக்காக உயர் நீதிமன்றம் வரை வழக்கும் நடந்தது. நீளமான பாசுமதிக்குப் பதிலாக, நம் வயல்களில் விளைந்த குட்டையான, மணமுள்ள சீரகச் சம்பாவை அந்தக் கடை எடுத்துக்கொண்டது. சுற்றுவட்டார ஆட்டுச் சந்தைகளைப் பார்த்து இறைச்சி தேர்ந்தது. ஒரு சிற்றூர்க் கடை தன் காலடி மண்ணில் கிடைத்ததைக் கொண்டே தனக்கென்று ஒரு சுவையைக் கட்டியெழுப்பியதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆம்பூருக்கு வேறு கதை. தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் அது. ஆற்காடு நவாபுகளின் காலத்துச் சமையல் வழி, அங்குள்ள முஸ்லிம் சமையற்காரர்களின் கைக்கு வந்து, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயின் நிறத்தோடு தனி பிரியாணியாயிற்று. கூடவே கத்திரிக்காய்க் குழம்பு. ஆலைத் தொழிலாளிக்கு மதிய வேளையில் வயிறு நிறைய ஒரு சாப்பாடு வேண்டும்; சென்னை–பெங்களூர் சாலையில் போகிற லாரிக்காரருக்கு வண்டியை நிறுத்த ஓர் இடம் வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் சேர்ந்து அந்த ஊரைப் பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊராக்கின.

விருதுநகர் எண்ணெய்க்கும் மிளகாய்க்கும் பருப்புக்கும் பெயர்போன வணிக ஊர். பரோட்டாவை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுக்கும் பழக்கம் அங்கே வேர்விட்டதில் வியப்பில்லை. அந்தப் பொரித்த பரோட்டாவுக்குப் பெயர்பெற்ற கடை ஒன்றை ஊர் 'பர்மா கடை' என்றே அழைக்கிறது. பிழைப்புக்காகப் பர்மாவுக்குப் போன தமிழர்கள், 1962இல் அங்கே இராணுவ ஆட்சி வந்து வணிகங்களை அரசுடைமையாக்கிய பிறகு, கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பலில் திரும்பினார்கள். அவர்களில் பலருக்குக் கையில் மிஞ்சியது சமைக்கத் தெரிந்த திறமை மட்டும்தான். சென்னை பர்மா பஜார் பக்கத்தில் இன்றும் விற்கும் பர்மிய உணவுகளான அத்தோவும் மொய்ங்காவும் அப்படி வந்தவைதாம். நிலமோ படிப்போ வங்கிக் கடனோ இல்லாதவர்கள் ஓர் ஊரில் காலூன்ற நினைத்தால், ஓர் அடுப்பும் நான்கு பெஞ்சும் போதும் என்ற நிலையை இந்தத் தொழில்தான் கொடுத்தது.

கல்லுக்கு முன்னால் நிற்பவர்

இனி, அந்த அடுப்புக்கு அருகே போவோம். மாலை ஐந்து மணிக்கு வாசலில் பரோட்டாக் கல் சூடேறுவதற்கு முன்பே மாஸ்டரின் வேலை தொடங்கிவிடுகிறது. மைதாவில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் எண்ணெயும் தண்ணீரும் சேர்த்து, உடம்பின் எடை முழுவதையும் உள்ளங்கையில் இறக்கிப் பிசைய வேண்டும். ஈரத்துணி போட்டு மூடிய மாவு ஊறியதும், ஒரு பகுதியை இடது கையில் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி, ஒரே அளவில் உருண்டை உருண்டையாகக் கிள்ளிப் போடுவார். தராசு கிடையாது, விரலே தராசு. உருண்டைகள் எண்ணெயில் ஊறும். பிறகு ஒவ்வொன்றையும் தட்டி, மேசையில் அடித்து வீசி, பின்னால் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லியதாக விரித்து, கொசுவி, சுருட்டி வைப்பார். மீண்டும் ஊறவேண்டும். அதன் பிறகே கல்லில் போடுவது. வெந்ததும் நான்கைந்தை அடுக்கி, சுடச்சுட இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் ஓங்கி அடித்தால் அடுக்குகள் பிரியும். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

அந்தக் கைகளுக்கு உறை கிடையாது. கல்லின் அனல் வயிற்றுக்கு நேராக அடிக்கிறது. மாலையிலிருந்து நள்ளிரவு வரை நின்றபடியே வேலை. தோள்பட்டை வலி, முழங்கால் வலி, காலில் நரம்புச் சுருட்டு ஆகியவை இந்தத் தொழிலில் சாதாரணம். நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் வீச்சு குறையும்; கைவேகம் குறைந்தால் கூலியும் குறையும். நல்ல மாஸ்டர் கிடைக்காத காலத்தில் முதலாளி முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிக்கிறார். அந்த முன்பணம் மகளின் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ போய்விடும். அது கழியும்வரை மாஸ்டர் அந்தக் கடையை விட்டு நகர முடியாது. கழிந்தால், அடுத்த கடையில் அடுத்த முன்பணம்.

வாசலில் நிற்பவராவது நான்கு பேர் கண்ணில் படுகிறார். உள்ளே அதிகாலையில் எழுந்து வடைக்கும் பொங்கலுக்கும் பொறுப்பேற்கிற சரக்கு மாஸ்டர் இருக்கிறார். தேங்காய் துருவி, வெங்காயம் உரித்து, கண்ணெரியப் பகலைக் கழிக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். எச்சில் இலை எடுத்து, மேசை துடைத்து, அண்டாக்களைத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மேசையில் சாதி போய்விட்டாலும், இலை எடுப்பது இன்னாருக்கென்று ஒதுக்கிய பழக்கம் எத்தனையோ கடைகளில் போகவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த வேலைகளைச் செய்தவர்கள் சிறுவர்கள். பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் ஊரைவிட்டு வந்து, கடையிலேயே தூங்கி வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப்பட்டியலில் உணவகங்களும் டீக்கடைகளும் சேர்க்கப்பட்டது 2006 அக்டோபரில்தான். அதுவரை ஒரு மலிவான சாப்பாட்டின் விலையில் ஒரு சிறுவனின் பள்ளிக்கூடமும் அடங்கியிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இன்று அந்த இடத்துக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். சிற்றூர் ஓட்டல்களில் தோசை ஊற்றுகிறவர், "அண்ணே, இன்னொரு ஊத்தாப்பமா?" என்று தமிழில் கேட்கிறவர், அவர்களில் ஒருவர்தான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, பயந்து ஊருக்கு இரயில் ஏறியவர்கள் பலர். நம் அன்றாட உணவு யார் கையில் இருக்கிறது என்பது அந்தச் சில நாள்களில் நமக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஒரு ரூபாய் இட்லியும் நம் மனசாட்சியும்

கோவை மாவட்டம் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்பதை 2019இல் நாடே பேசியது. எண்பது வயதில், விறகடுப்பில் புகைக்கு நடுவே, சாம்பாரும் சட்னியும் சேர்த்து அவர் பரிமாறிய இட்லி, கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறார உண்ண வேண்டும் என்ற எண்ணத்தில் விற்கப்பட்டது. செய்தி பரவியதும் அவருக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா உதவ முன்வந்தார். 2022 அன்னையர் தினத்தன்று அவருக்கு வீடும் கட்டித் தரப்பட்டது. 2020 ஊரடங்கின்போதும் அவர் விலையை உயர்த்தவில்லை. அந்தப் பெரிய மனதுக்கு முன்னால் தலைவணங்குகிறேன்.

ஆனால், அவருடைய கருணையை நாம் ஓர் அளவுகோலாக்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். "அந்தப் பாட்டி ஒரு ரூபாய்க்குக் கொடுக்கிறார், நீங்கள் ஏன் பன்னிரண்டு ரூபாய் வாங்குகிறீர்கள்?" என்று பக்கத்து ஊர் ஓட்டல்காரரைக் கேட்கிறவர்கள் உண்டு. பாட்டியின் இட்லியில் அவருடைய உழைப்புக்கு விலை போடப்படவில்லை. கல் உரலில் மாவாட்டிய தோளுக்கும், அடுப்பூதிய நுரையீரலுக்கும், விடியுமுன் எழுந்த தூக்கத்துக்கும் அந்த ஒரு ரூபாயில் இடமில்லை. அது அவர் மனமுவந்து கொடுத்த கொடை. கொடையைச் சந்தை விலையாக எல்லோரிடமும் எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது. பசித்தவனுக்கு மலிவாகச் சோறு போடும் கடமை அரசுடையது. 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்ததும் அரசின் பணத்தில்தான்.

கமலாத்தாள் பெயராவது உலகுக்குத் தெரிந்தது. 'மெஸ்' என்று நாம் உரிமையோடு அழைக்கிற எத்தனையோ கடைகள் ஒரு பெண்ணின் கைமணத்தில் நடக்கின்றன. கணவர் இறந்தபின் வீட்டுத் திண்ணையில் நான்கு பேருக்குச் சோறு போட்டு ஆரம்பித்தவர்கள், கணவரின் வேலை போனபின் இட்லிச் சட்டியை வாசலுக்கு எடுத்துவந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கடை கொஞ்சம் வளர்ந்ததும் கல்லாவில் மகனோ மருமகனோ உட்காருகிறார். உரிமம் அவர் பெயரில், வங்கிக் கணக்கும் அவர் பெயரில். மசாலா அரைப்பவர் மட்டும் உள்ளேயே இருக்கிறார். அவருக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. வீட்டு வேலையின் தொடர்ச்சியாகவே அது பார்க்கப்படுகிறது. குடும்பத்துப் பெண்களுக்குச் சந்தைக்கூலி கொடுத்தால், நாம் மலிவு என்று கொண்டாடுகிற பல கடைகளின் கணக்கு அன்றைக்கே நட்டத்தில் முடியும்.

உலகத்தின் விலையேற்றமும் உள்ளூர் அடுப்பும்

இன்னொரு பக்கம் செலவு. இட்லிக்கு வேண்டிய உளுந்து உள்நாட்டில் போதவில்லை. இறக்குமதியில் பெரும்பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. அங்கே விளைச்சல் சரிந்தாலோ அரசியல் கொந்தளித்தாலோ இங்கே மளிகைக்கடையில் விலை ஏறுகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் கிடைப்பது கடினமாயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசே நியாயவிலைக் கடைகளில் தக்காளி விற்க வேண்டிவந்தது. வீட்டில் அந்த நாள்களில் தக்காளியைக் குறைத்துக்கொண்டோம். ஓட்டல்காரர் சாம்பாரில் குறைத்தால், "என்ன அண்ணாச்சி, ருசி மாறிப்போச்சே" என்று நாமே கேட்டோம்.

எரிவாயுவும் அப்படித்தான். ஓட்டல்காரர் வாங்குகிற 19 கிலோ வணிக உருளையின் விலை மாதந்தோறும் மாறுகிறது. 2021 நவம்பர் முதல் தேதியில் ஒரே நாளில் 266 ரூபாய் கூடியது. தோசை விலையை யாராலும் மாதந்தோறும் மாற்ற முடியாது. இரண்டு ரூபாய் ஏற்றினாலே, வழக்கமாக வருகிறவர் பலகையை நிமிர்ந்து பார்ப்பார். சிலர் வருவதைக் குறைத்துக்கொள்வார்கள். பெரிய நிறுவனம் எண்ணெயை மொத்தமாக வாங்கி வைக்கும். ஒரு கிளையின் நட்டத்தை இன்னொரு கிளையில் ஈடுகட்டும். ஒற்றைக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. வங்கிக்குப் போனால் பிணை கேட்பார்கள். அவசரத்துக்குத் தண்டல்காரர்தான் கைகொடுக்கிறார். காலையில் வாங்கிய பணத்துக்கு மாலையில் வசூலுக்கு ஆள் வந்து நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தும், அது கடைத்தெருவைவிட்டுப் போய்விடவில்லை.

வரி முறையும் இவருக்கு ஏற்றதாக இல்லை. 2017 நவம்பரிலிருந்து சாதாரண உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால், வணிக எரிவாயு உருளைக்குக் கட்டிய 18 சதவீத வரியையோ வாங்கிய பாத்திரங்களுக்கு, இயந்திரங்களுக்குக் கட்டிய வரியையோ அதில் கழித்துக்கொள்ள முடியாது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவர் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்தால், 5 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. தன் கையிலிருந்தே கட்ட வேண்டும்.

உணவு விநியோகச் செயலிகள் இப்போது சிற்றூர்களுக்கும் வந்துவிட்டன. ஒவ்வோர் ஆர்டரிலும் கணிசமான கமிஷன் போகிறது. உணவக உரிமையாளர்களின் தேசியச் சங்கம் கொடுத்த புகாரின்மேல், 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் இரு பெரிய செயலி நிறுவனங்களின் நடைமுறைகளை விசாரிக்க உத்தரவிட்டது. தேசிய அளவில் சங்கம் வைத்திருப்பவர்கள் ஆணையம் வரை போகிறார்கள். சங்கரன்கோவிலிலோ மணப்பாறையிலோ எட்டு மேசை போட்டிருப்பவர் எங்கே போவார்?

சாலைகளும் அவரைக் கைவிட்டன. நான்குவழிச் சாலையும் புறவழிச் சாலையும் வந்தபின் திண்டிவனம், விழுப்புரம், மேலூர் போன்ற ஊர்களுக்குள் நுழையாமலேயே வண்டிகள் போய்விடுகின்றன. பயண நேரம் மிச்சமானது நல்லதே. ஆனால், தொலைதூரப் பேருந்துகள் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒப்பந்தம் எடுத்த உணவகங்களில் மட்டும் நிற்கின்றன. அங்கே விலை அதிகம், தரம் குறைவு, கழிப்பறைக்குக்கூடக் காசு என்று பயணிகள் ஆண்டாண்டாகப் புகார் சொல்கிறார்கள். ஊருக்குள் நல்ல சாப்பாடு போடுகிறவர், வண்டி வராத சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, தொழிலாளரின் பாதுகாப்பு. குறைந்தது பத்துப் பேர் வேலை செய்தால்தான் ஈஎஸ்ஐ. குறைந்தது இருபது பேர் இருந்தால்தான் வருங்கால வைப்புநிதி. ஆறேழு பேர் வேலை செய்கிற சிற்றூர் ஓட்டல் இரண்டிலும் வராது. கொதிக்கிற எண்ணெய் காலில் கொட்டினால் மாஸ்டர் சொந்தச் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முதலாளியிடம் இன்னொரு முன்பணம். தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கு நலவாரியங்கள் உண்டு. அவை கடை கடையாகச் சென்று மாஸ்டரையும் இலை எடுக்கிற அம்மாவையும் வெளிமாநில இளைஞரையும் பதிவு செய்ய வேண்டும். அலுவலகத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தால், வாரத்தில் ஏழு நாளும் கல்லுக்கு முன்னால் நிற்பவர் எப்போது வருவார்? பணியிடத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. அந்த உணர்வு ஓட்டல் சமையலறைக்குள்ளும் வரவேண்டும்.

இரண்டாவதாக, சிறிய கடைகளைப் பெரிய சங்கிலி உணவகங்களோடு ஒரே தட்டில் வைக்கிற வரிவிதிப்பை மாற்ற வேண்டும். தொகுப்பு வரித் திட்டத்தில் உற்பத்தியாளருக்கும் வணிகருக்கும் 1 சதவீதம்; உணவகத்துக்கு மட்டும் 5 சதவீதம். அரிசியை மாவாக்கி, மாவை இட்லியாக்குகிறவர் உற்பத்தியாளர் அல்லாமல் வேறு யார்? ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழ்நாடு அழுத்தமாக எழுப்ப வேண்டிய கேள்வி இது.

மூன்றாவதாக, போக்குவரத்துக் கழகங்களின் உணவக ஒப்பந்தங்கள். அதிகத் தொகை கட்டுகிறவருக்கே இடம் என்ற முறையில், அந்தத் தொகையைப் பயணிதான் சாப்பாட்டு விலையில் கட்டுகிறார். புறவழிச் சாலைக்கு அருகே உள்ளூர் ஓட்டல்காரர்கள் கூட்டாகக் கடை போட இடமும் தண்ணீரும் கழிப்பறையும் அமைத்துக் கொடுத்துப் பேருந்துகளை அங்கே நிறுத்தலாம். பயணிக்கு ஊரின் சுவை கிடைக்கும். ஊருக்கு இழந்த வருமானம் கொஞ்சம் திரும்பும்.

நான்காவது, உரிமையாளர்களுக்கு. குறைந்த கூலியில் ஆள் வைத்தால்தான் பிழைக்க முடியும் என்ற கணக்கு இனி நெடுநாள் ஓடாது. மாஸ்டரின் மகன் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. வார விடுமுறை, கையில் தெளிவான சம்பளச் சீட்டு, சமையலறையில் புகைபோக்கி, காற்றோட்டம் ஆகியவற்றைக் கொடுக்கிற கடைக்கு ஆள் கிடைக்கும். ஆள் நிலைத்தால்தான் சுவையும் நிலைக்கும். மனைவியின், தாயின், சகோதரியின் உழைப்பில் நடக்கிற கடையில் அவர்களுடைய பெயரும் பங்கும் காகிதத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, சாப்பிடுகிற நமக்கு. மாலில் ஒரு காபிக்கு இருநூறு ரூபாய் கேட்டால் பேசாமல் கொடுக்கிறோம். சிற்றூர் ஓட்டலில் பரோட்டா மூன்று ரூபாய் ஏறினால் சண்டைக்குப் போகிறோம். மலிவாக இருப்பது மட்டுமே அந்தக் கடையின் கடமை என்று நாமே தீர்மானித்துவிட்டோம். ஏழைக்கு எட்டாத விலைக்கு அந்தக் கடை போய்விடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதற்கு வழிகள் இருக்கின்றன. எல்லா ஊர்களிலும் 'அளவுச் சாப்பாடு' உண்டு. ஒரே கடையில் எளியவருக்கு ஒரு விலையும் வசதியுள்ளவருக்கு ஒரு விலையும் வைக்கிற வழக்கம் நெடுநாளாகவே இருக்கிறது. காரில் வந்து இறங்கி, காணொளி எடுத்து, பேரம் பேசுகிறவருக்குத்தான் இந்தச் சலுகை தேவையில்லை.

சாதிப்பலகையை இறக்கியபோது, யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்விக்கு இந்தச் சமூகம் விடை கண்டது. சமைக்கிறவர், பரிமாறுகிறவர், இலை எடுக்கிறவர் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. விலைப்பலகையில் இட்லிக்கும் தோசைக்கும் எதிரே எழுதும் எண்ணில் அவர்களுடைய நியாயமான கூலியும் சேர்ந்திருக்க வேண்டும். அந்த எண் சில ரூபாய் கூடினால், மனமுவந்து கொடுப்போம். அதைக் கொடுக்க மறுத்துவிட்டு, ஊரின் பழைய கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படும்போது சுவை போய்விட்டது என்று வருந்த நமக்கு உரிமை இல்லை.